ஜிப்பு அக்காவின் அடுப்படிச் சுவர்

அந்தச் சந்தில் அவளுடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கணவர், இன்னொருவர் தபால்காரர். மற்ற எல்லோருக்கும் அவள் ஜிப்பு அக்கா. கால்சட்டையில் ஜிப்பு போனாலும், பயணப் பை வாயைப் பிளந்துகொண்டாலும், குளிர்ச்சட்டையின் இழுப்பு கையோடு வந்துவிட்டாலும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். இருபது வயதில் ஒரு துணித் தொழிற்சாலையில் சேர்ந்து, பதினொரு வருஷம் ஜிப்புப் பிரிவைத் தாண்டாமலே வேலை பார்த்தவள். தொழிற்சாலையை மூடியபோது அவள் உட்கார்ந்திருந்த எந்திரத்தையே கேட்டு வாங்கி வந்து முன்னறையில் போட்டாள். சட்டை தைப்பீர்களா என்று யாராவது கேட்டால், "ஜிப்பு வெச்ச சட்டைன்னா தைப்பேன்" என்பாள். பேச்சில் கெட்டி. எதற்கும் எளிதில் அசர மாட்டாள். அப்படிப்பட்டவளைத்தான் நாற்பத்தொன்பதாவது வயதில் ஒரு சுவர் ஆட்டிவைத்தது.

வீடு நகரத்தின் பழைய நடுப்பகுதியில் இருந்தது. ஒருவர் குடையை விரித்தால் எதிரே வருகிறவர் சுவரோடு பல்லியாக ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. முன்னால் தையல் அறை, நடுவில் படுக்கை அறை, கடைசியில் அடுப்படி. அடுப்படிக்குப் பின்னால் பெரிய பள்ளிவாசல். பள்ளிவாசலின் பின்சுவர்தான் அவளுடைய அடுப்படிச் சுவர். உள்ளே தொழுகிறவர்கள் இந்தச் சுவருக்கு முதுகு காட்டி வரிசையில் நிற்பார்கள். அக்கா இந்தப் பக்கம் அதே சுவரைப் பார்த்தபடி வெங்காயம் வதக்குவாள்.

அந்தச் சுவரில் தரையிலிருந்து அவள் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குழிவு இருந்தது. உட்புறம் அரைவட்டமாக வளைந்து, மேலே கூம்பி முடியும். கல்யாணமாகி வந்தபோதே அதற்கு நீல எனாமல் பெயிண்ட் அடித்திருந்தது. பஸ் டிரைவரான கணவர் அதில் மூன்று பலகைகளைப் பொருத்திக் கொடுத்தார். மேல்தட்டில் உப்பும் சர்க்கரையும், நடுத்தட்டில் எண்ணெய்ப் புட்டிகள், கீழ்த்தட்டில் குக்கர். அலமாரிக்கு ஏன் முதுகு வளைந்திருக்கிறது என்று இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் யோசித்ததில்லை. வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கு நேர்கோடு வராது போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் பள்ளிவாசலின் பின்சுவரில் விரிசல் கண்டது. நிர்வாகத்துக்குக் கவலையான கவலை. ஏனென்றால் அடுத்த வருஷம் ஐந்நூறாம் ஆண்டு விழா கொண்டாடுவதாக இருந்தார்கள். கப்பல் உடைந்து உயிர்தப்பிக் கரை சேர்ந்த ஒரு வணிகர், நேர்ந்துகொண்டபடி கட்டிய பள்ளிவாசல் என்று வாசலில் பளிங்குப் பலகையே இருந்தது. விழா மலருக்கு முதல் கட்டுரையை நிர்வாகத் தலைவர் எழுதி முடித்துவிட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எதையும் இரண்டுமுறை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

விரிசலைப் பார்க்க ஒரு இன்ஜினியரை அழைத்திருந்தார்கள். பழைய கட்டடங்களையே பார்க்கிற பெண்மணி, அக்காவின் வயதுதான் இருக்கும். சிவப்பு ஒளி விடும் அளவுக் கருவியோடு பள்ளிவாசலுக்குள் ஒரு நாள் முழுக்க அளந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அக்காவின் அடுப்படிக்கு வந்தார். அளந்தார், எழுதினார், தலையைச் சொறிந்தார், மறுபடி அளந்தார்.

"அக்கா, உள்ளேயிருந்தும் அளந்துட்டேன், இந்தப் பக்கமும் அளந்துட்டேன். எல்லா இடத்துலயும் சுவரு மூணரை அடி கனம். இங்க மட்டும் ஒன்றரை அடியைக் காணோம்."

"நான் எடுக்கலைங்க" என்றாள் அக்கா.

இன்ஜினியர் சிரித்துவிட்டார். குழிவுக்குள் இருந்த சாமான்களை எடுக்கச் சொன்னார். பலகைகளைக் கழற்றினார்கள். கையடக்கக் கத்தி ஒன்றால் எனாமல் பெயிண்டை ஓரத்தில் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே மஞ்சள், அப்புறம் வெள்ளைக்கு மேல் வெள்ளையாகப் பல அடுக்கு. அதற்கும் கீழே பால்நிறத்தில் வழவழவென்று ஒரு பூச்சு. அதில் கொடிபோலப் புடைத்த வேலைப்பாடு. கூம்பின் அடியில் ஒரு வரி எழுத்து.

சுரண்டிய கை நின்றது. இன்ஜினியர் எழுந்து போய் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னங்க அது?"

"உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா மிஹ்ராப் மாதிரி இருக்கு."

இமாம் எல்லோருக்கும் முன்னால் நின்று தொழவைக்கிற மாடம்தான் மிஹ்ராப். அது அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. "அது பள்ளிவாசலுக்குள்ள, முன்சுவர்ல இல்ல இருக்கணும்? இது பின்சுவராச்சே. அதுவும் என் வீட்டுப் பக்கமாப் பார்த்துக்கிட்டு?"

இன்ஜினியர் மேசைமேல் கிடந்த பழுப்புத் தாளைக் கேட்டு வாங்கி ஒரு படம் போட்டார். முதலில் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருந்திருக்கலாம். அதன் முன்சுவர் இந்தச் சுவர். பிற்காலத்தில் கூட்டம் பெருகவே, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த காலி மனையில் பெரிதாக ஒன்றைக் கட்டியிருக்கலாம். பழையதின் முன்சுவர் புதியதின் பின்சுவராகிவிட்டது. பழைய தொழுமிடம் இடிந்தோ கைமாறியோ வீடாகிவிட்டது. தெரு உயர உயரத் தரையும் மூன்றடி மேலே ஏறிவிட்டது. அதனால்தான் ஆளைவிட உயரமாக இருந்த மாடம் நெஞ்சு உயரமாகக் குறுகி, அலமாரிபோல ஆகிவிட்டது.

"அப்படின்னா நான் இப்ப நிக்கிற இடம்?"

"இமாம் நின்ன இடமா இருக்கலாம். மூணடி கீழே."

அக்கா சட்டென்று ஒரு எட்டு பின்னால் வைத்தாள். பின்னால் இருப்பதும் தொழுமிடம்தானே என்று தோன்றியது. பக்கவாட்டில் நகர்ந்தாள். எங்கே காலை வைப்பது என்று புரியாமல் ஒற்றைக்காலில் நின்றவளை, அடுப்பில் பொங்கி வழிந்த பால்தான் காப்பாற்றியது.

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் சேதி பரவிவிட்டது. தலைவர் வந்தார், கூடவே மோதினார் வந்தார். மோதினார் ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிறவர். ஜிப்பைத் தவிர எதையும் தொடாத அக்கா அவருடைய சட்டைகளுக்கு மட்டும் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக் கொடுப்பாள், அந்த அளவுக்கு வீட்டில் ஒருவர் மாதிரி. தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாடத்தைப் பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"அப்ப நம்ம பள்ளிவாசல் ஐந்நூறு வருஷத்துக்கும் பழசுன்னு ஆகுது" என்றார் பூரிப்போடு.

"இல்லீங்க. இந்தச் சுவரு எத்தனை பழசுன்னே தெரியாது. உங்க பெரிய பள்ளிவாசல் இதுக்கு அப்புறம் கட்டினதுன்னு மட்டும்தான் சொல்ல முடியும்" என்றார் இன்ஜினியர்.

"அப்ப ஐந்நூறைவிடக் குறைவா?"

"அதுவும் தெரியாது."

தலைவர் மோதினாரைப் பார்த்தார். மோதினார் தரையைப் பார்த்தார். "எங்க அப்பா முந்நூறுன்னுதான் சொல்லுவாரு. நான் வாயத் திறக்கல" என்றார்.

இவர்கள் வயதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, வேலை முடிந்து வந்த டிரைவருக்குக் கவலை வேறாக இருந்தது. எல்லோரும் போன பிறகு மனைவியைப் படுக்கை அறைக்குள் கூப்பிட்டு, யாருக்கோ கேட்டுவிடும்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"இது பள்ளிவாசலோட இடம்னு ஆயிட்டா வீட்டைக் கேட்பாங்க. பத்திரம் எங்க வெச்ச?"

"மாடத்துல மேல்தட்டுல, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால."

"சரிதான் போ! அங்கேயா வெச்ச?"

பத்திரத்தைத் தேடினால் டப்பாவும் இல்லை, பலகையும் இல்லை. இன்ஜினியர் கழற்றி வைத்த சாமான்களோடு அது தையல் எந்திரத்தின் அடியில் கிடந்தது. அதில் 'பின்புறம்: பள்ளிவாசல் சுவர்' என்று எழுதியிருந்தது. அந்தச் சுவர் யாருடையது என்று எழுதவில்லை. டிரைவர் நாலுமுறை படித்தார். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அர்த்தம் வந்தது.

அடுத்த மூன்று வாரம் அக்காவின் வாழ்க்கையில் இல்லாத திருநாள். சுவரில் புகை படக்கூடாது என்று நினைத்து அடுப்பை முன்னறைக்குக் கொண்டுவந்தாள். விளைவு, திருத்திக் கொடுத்த கால்சட்டைகளெல்லாம் வெங்காயம் மணத்தன. வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர், "ஜிப்பு நல்லாயிருக்கு அக்கா, ஆனா மீட்டிங்ல எல்லாருக்கும் பசிக்குதாம்" என்று திருப்பிக் கொடுத்தார். பார்க்க வந்தவர்களுக்குக் கணக்கில்லை. மாடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஒருத்தி வந்தாள். அதெல்லாம் கூடாது என்று அவளைக் கண்டிக்க இன்னொருத்தி வந்தாள். இரண்டு பேரும் அக்காவின் அடுப்படியில் சண்டை போட்டுவிட்டு, அக்காவிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். வேறு ஊரில் படிக்கும் மகள் போனில், "அம்மா, நம்ம குக்கர் வெச்ச இடம் எல்லா போன்லயும் சுத்துதும்மா" என்று சிரித்தாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு உள்ளே ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாடத்தில் ஈரத் துணியைக் காயப்போட்டிருக்கிறாள். கணவரோடு வாக்குவாதத்தில் ஒருமுறை கரண்டியை வீசியெறிந்து, அது அந்த வளைவில் பட்டு ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. எலிப்பொறி வைத்திருக்கிறாள். இதெல்லாம் தப்பா? தெரியாமல் செய்ததற்குத் தப்பு உண்டா? தெரிந்த பிறகு இனிமேல் என்ன செய்ய வேண்டும்?

மோதினாரிடம் கேட்டாள். "நான் பாங்கு சொல்றவம்மா, தீர்ப்பு சொல்றவன் இல்ல" என்று அவர் நழுவினார். இமாமிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு வந்தார். "தொழுகை நின்னு எத்தனையோ தலைமுறையாச்சு, அதை யாரு எப்படி வீடாக்கினாங்கன்னு நமக்குத் தெரியாது, உங்க மேல குத்தம் இல்லன்னுட்டாரு. ஆனா மரியாதையா வெச்சுக்கச் சொன்னாரு."

"மரியாதைன்னா எப்படி? சமைக்கலாமா, கூடாதா?"

"அதை நான் கேட்கலையே."

"அதுக்குத்தானே உங்களை அனுப்பினேன்!"

அவர் மறுபடி போனார். இமாம் வெளியூர் கிளம்பிவிட்டார் என்று திரும்பி வந்தார்.

நான்காவது வாரம் இன்ஜினியர் வந்தபோது அக்கா இளைத்திருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்க, சுவத்தோட அந்தப் பக்கத்தைக் காட்டுறேன்" என்று கூப்பிட்டார். அந்தப் பள்ளிவாசலில் பெண்களுக்கென்று இடம் இல்லாததால், முதுகை ஒட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தும் அக்கா உள்ளே போனதே இல்லை. தலைவரிடம் அனுமதி வாங்கி, தொழுகை இல்லாத முற்பகல் நேரத்தில் போனார்கள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தடித்த தூண்கள், உயரத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். தரை விரிப்பின் கோடுகள் சுவரோடு ஒத்துப்போகாமல் சற்றே சாய்ந்து ஓடின.

"ஏன் கோணலா விரிச்சிருக்காங்க?" என்றாள் அக்கா. ஜிப்பு தைத்த கண்ணுக்குக் கோணல் முதலில் படும்.

"விரிப்பு சரி, இந்தப் பின்சுவருதான் கோணல். பெரிய பள்ளிவாசல் கட்டினவங்க தொழுகைத் திசையைப் புதுசாக் கணிச்சுக் கட்டியிருக்காங்க. பழைய சுவரு எட்டுப் பாகை திரும்பியிருக்கு."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். வீட்டில் அவள் தொழுகை விரிப்பை அடுப்படிச் சுவருக்கு நேராகத்தான் போட்டு வந்திருக்கிறாள். பள்ளிவாசல் சுவரைவிட நம்பகமான திசை வேறு எது இருக்க முடியும்? இப்போது அதிலும் கைவைத்துவிட்டார்களே என்றிருந்தது. "எந்தத் திசைங்க சரி?" என்றாள். இன்ஜினியர், "அக்கா, நான் சுவரு பார்க்கிறவ" என்றார் மெதுவாக.

பிறகு பின்சுவருக்கு அழைத்துப்போனார். மாடத்துக்கு நேர் மறுபக்கம் எது இருந்தது தெரியுமா? செருப்பு அலமாரி. ஒரே சுவரில் அந்தப் பக்கம் செருப்பு, இந்தப் பக்கம் உப்பும் சர்க்கரையும். அக்காவுக்கு முதலில் திக்கென்றது. அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. நிர்வாகமே அறியாமல் செருப்பு அடுக்கியிருக்கிறது என்றால், தன்னுடைய குக்கர் அவ்வளவு பெரிய குற்றமா என்று ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிஷம், அவர்கள் அடுக்கியது முதுகுப் பக்கம், நான் அடுக்கியது முகத்தில் என்று மறுபடி குழம்பியது.

திரும்பும்போது அவள் சுவரின் ஓரத்தில் நின்று ஒரு இடத்தைத் தடவிப் பார்த்தாள். "இங்க ஒரு தடவை பிரிச்சு மறுபடி சேர்த்திருக்காங்க. கல்லு ஒரே மாதிரி இருக்கு, ஆனா சேர்த்த கை வேற. ஒருத்தர் தைச்ச பேண்ட்டை இன்னொருத்தர் பிரிச்சுத் தைச்சா இப்படித்தான் தெரியும்" என்றாள். இன்ஜினியர் விளக்கை அடித்துப் பார்த்தார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மாடத்தில் இருந்த எழுத்து வரியை இன்ஜினியர் படமெடுத்து, பழைய எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த ஒரு பேராசிரியருக்கு அனுப்பியிருந்தார். பதில் வந்த அன்று அக்காவின் முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். தலைவர் நாற்காலியில், மோதினார் துணி மூட்டைமேல், டிரைவர் சீருடையோடு வாசற்படியில். இன்ஜினியர் வாசித்தார்: "'இந்தத் தொழுமிடத்தை மறுபடி எழுப்பியவர்கள் இத்தெருவின் கயிறு திரிப்பவர்கள்.' அப்புறம் வருஷம். அதுல கடைசி இரண்டு எண்ணும் சிதைஞ்சிருக்கு. மீதியை வெச்சுப் பார்த்தா, இன்னைக்குக் கணக்குல முந்நூறிலிருந்து நானூறு வருஷத்துக்குள்ள."

தலைவர் எழுந்தேவிட்டார். "கயிறு திரிக்கிறவங்களா? கப்பல் வணிகர் என்ன ஆனாரு?"

"அவரைப் பத்தி எதுவும் இல்ல."

"இந்தத் தெருவுல கயிறு திரிக்கிறவங்க யாருமே கிடையாதே!"

"இப்ப இல்ல."

"சரி, அப்ப முந்நூத்திச் சொச்சம்னு போடலாமா?"

"'மறுபடி எழுப்பியவர்கள்'னு இருக்கே. அப்ப அதுக்கு முன்னாடியே ஒண்ணு இருந்திருக்கு. அது எப்ப, யாரு கட்டினதுன்னு தெரியல. உங்க வணிகர்கூட அதைக் கட்டியிருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

மோதினார் மெல்ல இருமினார். "முந்நூறுன்னு எங்க அப்பா..." என்று ஆரம்பித்துவிட்டுத் தலைவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நல்ல சேதி ஒன்றும் அன்று வந்தது. தலைவரே நில அளவை அலுவலகத்துக்குப் போய்ப் பழைய வரைபடத்தின் நகலை எடுத்து வந்திருந்தார். நூற்றுப் பத்து வருஷத்துக்கு முந்தைய அந்தப் படத்திலேயே இந்த வீடு தனி மனையாக, தனி எண்ணோடு இருந்தது. "வீடு உங்களோடதுதான். அதுல எங்களுக்குச் சந்தேகம் இல்ல" என்று டிரைவரின் தோளில் கைவைத்தார். டிரைவர் கண் கலங்கி, வந்தவர்களுக்கெல்லாம் டீ போடப் போய், எந்த அறையில் அடுப்பு இருக்கிறது என்று மறந்து அடுப்படிக்குள் போய்விட்டுத் திரும்பினார்.

எல்லோரும் கிளம்பியதும் அக்கா இன்ஜினியரை மட்டும் நிறுத்தினாள்.

"மத்தவங்க எல்லாரும் அப்படி இருக்கலாம், இப்படி இருக்கலாம்னுதான் சொல்றாங்க. நீங்களாவது ஒண்ணு தெளிவாச் சொல்லுங்க. நான் அங்க சமைக்கலாமா, கூடாதா?"

"புண்ணியம் பாவமெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. ஆனா சூடும் எண்ணெய்ப் புகையும் பட்டா அந்தப் பூச்சு பத்து வருஷத்துல உதிர்ந்துடும். எதிர்ச்சுவருக்கு அடுப்பை மாத்திட்டு, மேல புகைபோக்கி ஒண்ணு வெச்சுட்டீங்கன்னா தாராளமாச் சமைக்கலாம்."

இரண்டு மாதத்தில் யாரிடமிருந்தும் கிடைத்த முதல் நேரான பதில் அது. அக்கா மறுநாளே ஆளை வரவழைத்தாள். அடுப்பு எதிர்ச்சுவருக்குப் போனது. இப்போது மாடத்துக்கு முதுகு காட்டிச் சமைக்க வேண்டியிருக்கிறதே, அது மரியாதையா என்று நடுவில் ஒரு சந்தேகம் எழுந்தது. அதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் நாலு பதில் வரும் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

மாடத்தில் எதையும் வைக்கவில்லை. பல மாதங்களுக்கு உப்புக்காக அவள் கை தானாக அங்கே போய், வெறும் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. தொழுகை விரிப்பை ஒருநாள் கொஞ்சம் திருப்பிப் போட்டாள், மறுநாள் பழையபடி போட்டாள், அதற்கு மறுநாள் திருப்பினாள். ஊரிலிருந்து திரும்பிய இமாம் ஒரு வழியாக, புது அளவின்படியே போட்டுக்கொள்ளுங்கள், பழைய தொழுகைகள் வீணாகவில்லை என்று சொல்லியனுப்பினார். அந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது.

விழா நடந்தது. எத்தனையாவது ஆண்டு என்று மேடையில் யாரும் சொல்லவில்லை. தலைவர் கட்டுரையை ஏழுமுறை திருத்தி எழுதி, கடைசியில் வணிகருக்கு ஒரு பத்தி, கயிறு திரிப்பவர்களுக்கு ஒரு பத்தி, தெரியாதவற்றுக்கு ஒரு பத்தி என்று அச்சிட்டார். தெரியாதவற்றின் பத்திதான் நீளம். அதை எழுதும்போது தனக்கே ஒரு நிம்மதி வந்தது என்று பிற்பாடு அக்காவிடம் சொன்னார்.

விரிசலைச் சுண்ணாம்புக் கலவையால் அடைத்தார்கள். அக்காவின் அடுப்படிப் பக்கம், அடைத்த இடத்தின் மேல் ஒரு விரல் அகலக் கண்ணாடிப் பட்டையைக் குறுக்கே ஒட்டிவிட்டு இன்ஜினியர் சொன்னார்: "சுவரு நகர்ந்தா முதல்ல இது உடையும். தினம் ஒரு தடவை பாருங்க. கீறல் விழுந்தா உடனே போன் பண்ணுங்க."

அக்கா தினமும் பார்த்தாள். ஒருநாள் மதியம் கண்ணாடியில் குறுக்காக ஒரு கோடு. பதறிப்போய் போன் செய்தாள். இன்ஜினியர் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அரைமணி நேரத்தில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். விரலால் மெதுவாகத் தொட்டார். கோடு விரலோடு வந்துவிட்டது. கறுப்பு நைலான் நூல்.

"என் நூலேதாங்க" என்றாள் அக்கா, காது மடல் சிவக்க.

இன்ஜினியர் அங்கேயே தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்து முடிப்பதற்குள், ஓடி வந்த வேகத்தில் பல் விட்டிருந்த அவருடைய கருவிப் பைக்குப் புது ஜிப்பு வைத்துக் கொடுத்தாள்.